மீனுக்கு முன்னால் தீனி

"ஃபைட்டர் முட்டை போட்டுது, குஞ்சும் பொரிஞ்சுது. நாலஞ்சு நாள்ல பார்த்தா ஒண்ணுகூட இல்ல. என்ன வியாதியா இருக்கும்?"

மீன் வளர்க்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தொட்டியில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. கண்ணாடி பளிச்சென்று இருக்கும், ஏர் பம்ப் ஓடும், பக்கத்தில் வெளிநாட்டு லேபிள் ஒட்டிய தீனி டப்பா இருக்கும். வியாதியும் இல்லை, கண்ணேறும் இல்லை. குஞ்சுகள் பட்டினியில் செத்திருக்கின்றன.

ஃபைட்டர் மீனின் கணக்கைப் பாருங்கள். ஆண் மீன் நுரையால் கூடு கட்டும். பெண் விட்ட முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். நம் ஊர் வெக்கைக்கு ஒன்று, ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் வாலைக் கீழே விட்டுக் கூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும்வரை சாப்பாட்டுக் கவலை இல்லை. கரு தீர்ந்து, படுக்கைவாக்கில் நீந்த ஆரம்பிக்கிற அன்றைக்குத்தான் பசி வருகிறது. முதல் ஓரிரு நாள் அந்த வாய்க்குள் தாராளமாக நுழையக்கூடியது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு உள்ள உயிர்தான். அதுவும் அசைய வேண்டும். அசையாத பொருள் குஞ்சின் கண்ணில் தீனியாகவே படாது. டப்பாத் தீனியை எவ்வளவு நைசாகப் பொடித்துத் தூவினாலும் அது அடியில் படிந்து தண்ணீரைக் கெடுக்கும், அவ்வளவுதான். ஜோடி சேர்த்த பிறகு தீனிக்கு அலைவது, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகு அரிசி ஊறப்போடுகிற கதை.

நான் இருப்பது திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பஸ் ஸ்டாண்டின் ஹாரன் காதில் விழும் தூரத்தில். ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோயில், இன்னொரு பக்கம் சாலைக் கடைத்தெரு. ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தெருவை நான் விவரிக்க வேண்டியதில்லை. மீன் வளர்ப்புக்கு இந்த ஊர் ஒரு வரம் என்றே சொல்வேன். வருஷம் முழுக்க ஹீட்டர் தேவையில்லை. குழாயில் வருவது அருவிக்கரையிலிருந்து வரும் கரமனையாற்றுத் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் குறைவு, மெதுத் தண்ணீர். ஆற்று மீன்களுக்குக் கொண்டாட்டம். குளோரின் இருக்கிறது, ஆகவே அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்த பிறகுதான் தொட்டிக்குப் போகும். மீனாவது கொஞ்சம் குளோரினைத் தாங்கும். மொட்டை மாடியில் நான் வளர்க்கும் மற்ற ஜீவன்கள் தாங்காது.

அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இன்ஃபுசோரியா. ஒரு கண்ணாடிக் குப்பியில் பழைய தொட்டித் தண்ணீர், விரல் அளவு நேந்திரம்பழத் தோல், தொட்டியில் வளரும் ஜாவா மாஸைப் பிழிந்த அழுக்கு. அவ்வளவுதான் சாமான். சாலையில் பழத்தோலுக்கா பஞ்சம்? இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கிப் பால்போல ஆகும், நாறும். இங்கேதான் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர் அதையே கொண்டுபோய்க் குஞ்சுத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். இரண்டும் தப்பு. அந்தக் கலங்கல் பாக்டீரியா. ஊற்றினால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக் குஞ்சுகளை மூச்சுமுட்ட வைக்கும். இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பாராமீசியம் பெருகி பாக்டீரியாவைத் தின்னும். நாற்றம் குறையும், தண்ணீர் தெளியும். வெளிச்சத்துக்கு எதிரே குப்பியைப் பிடித்தால் தூசு தானாக நகர்வது தெரியும். அப்போதுதான் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிரியமானது மொய்னா. டாஃப்னியாவின் சித்தப்பா பிள்ளை. தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போகும் புள்ளி. வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். புதிதாகப் பிறந்த மொய்னா ஆர்ட்டீமியாக் குஞ்சைவிடச் சிறியது. புத்தகங்கள் எல்லாம் டாஃப்னியாவைத்தான் புகழும், ஏனென்றால் புத்தகம் எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். நம் வெக்கையில் பெரிய டாஃப்னியா சுணங்கிவிடும். மொய்னாவோ 30 டிகிரியில்தான் குஷியாகும். ஆண் துணை வேண்டியதில்லை. பெண்ணே பெண்களைப் பெற்றுத் தள்ளும். பிறந்தது ஒரு வாரத்துக்குள் தாயாகிவிடும். பட்டினி, நெருக்கடி, வறட்சி என்று நிலைமை மோசமானால் மட்டும் ஆண்கள் தலைகாட்டும். கூடவே சேணம் போன்ற கறுத்த உறைக்குள் உறக்க முட்டைகள். தொட்டி காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் மண்ணில் கிடக்கும். தண்ணீர் விட்டால் மறுபடி முழிக்கும்.

வளர்ப்பது ரொம்ப எளிது, தொடர்ந்து வளர்ப்பதுதான் கஷ்டம். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் குளோரின் போன தண்ணீர். சாலையில் வாங்கிய கடலைப் பிண்ணாக்கை ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். பாசியால் பச்சையான தண்ணீர் கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு விடுவது? கையை முழங்கை வரை விட்டால் விரல்கள் மங்கலாகத் தெரிய வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் மொய்னாவுக்குப் பசி. தெரியவே இல்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது. அளவு மிஞ்சினால் ஆக்சிஜன் குறையும். அப்போது மொய்னா செம்மண் நிறத்துக்கு மாறும். மூச்சுக்காக உடம்பில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்வதால் வரும் சிவப்பு அது. பார்க்க அழகு, ஆனால் அபாய விளக்கு. உடனே பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்கு மனசு வராத விஷயம்: தினமும் வாரி எடுக்க வேண்டும். கால் பங்கு எடுத்தால்தான் மீதி பெருகும். "நல்லாப் பெருகட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று காத்திருந்தால் ஒருநாள் காலை தொட்டி முழுக்கப் பிணம். ஒரே தொட்டியை நம்பவும் கூடாது. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது ஆரம்பத்தில் இருக்க வேண்டும். இடவப்பாதி மழையும் துலாவருஷ மழையும் கொட்டும் ஊரில் தொட்டிக்கு மேலே ஒரு தகரமாவது வேண்டும். இல்லாவிட்டால் மொய்னா முழுக்க வாய்க்காலுக்குப் போகும்.

முதல் மொய்னா எங்கே கிடைக்கும்? பழைய ஆட்கள் விடிகாலையில் வலையும் வாளியுமாகக் குளத்தங்கரைக்குப் போவார்கள். நான் குளத்துக்குப் போவதில்லை. ஒரு காரணம், குளத்து வலையில் கூடவே வரும் விருந்தாளிகள். தும்பியின் இளம்புழு ஒன்று போதும், குஞ்சுத் தொட்டியை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிடும். ஹைட்ரா வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அதை விரட்டுவது தனிக் கதை. இன்னொரு காரணம் 2024. நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்தில் இறங்கியவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்த செய்தி ஊரையே கலக்கியது. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, மூக்கு வழியாக மூளைக்கு ஏறுவது. கரையில் நின்று வலை வீசுபவருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் ஒரு கரண்டி மொய்னாவை நண்பரிடம் கேட்டு வாங்க முடியும்போது குளத்தில் எதற்குக் குனிய வேண்டும்?

ஆர்ட்டீமியா இன்றைக்கு உலகம் முழுக்க மீன்குஞ்சின் தாய்ப்பால். 1933-இல் ஆல்வின் சீல் என்ற அமெரிக்கர் உப்புநீரில் வாழும் இந்தப் பூச்சியின் குஞ்சுகளை மீன்குஞ்சுக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். இன்று கடையில் டப்பாவில் வரும் முட்டைகளில் கணிசமான பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரேட் சால்ட் ஏரிச் சரக்கு. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா இருக்கிறது, நமக்கு டப்பாவாக வருவதுதான் இல்லை. அடியை வெட்டிய சோடா பாட்டிலைக் கவிழ்த்து, லிட்டருக்கு 25, 30 கிராம் கல்லுப்பு கரைத்து, அடியிலிருந்து காற்று விட்டு, மேலே ஒரு விளக்கு வைத்தால் 24 மணி நேரத்தில் பொரிய ஆரம்பிக்கும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி வரும். ஆகவே கீழே விளக்கைக் காட்டி உறிஞ்சி எடுக்க வேண்டும். ஓட்டைக் கலந்து கொடுத்தால் மீன்குஞ்சின் குடல் அடைக்கும். இங்கே ஒரு உள்ளூர் எச்சரிக்கை: திருவனந்தபுரத்துக் காற்றின் ஈரம் ஆர்ட்டீமியா முட்டைக்குச் சத்துரு. டப்பாவைத் திறந்த அன்றே சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, மூடியை இறுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு "டூப்ளிகேட் சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைக்ரோவோர்ம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகவைத்த ஓட்ஸ், ஒரு சிட்டிகை ஈஸ்ட், கொஞ்சம் பழைய கல்ச்சர். சில நாளில் டப்பாவின் சுவரில் புழு ஏறும், விரலால் வழித்துக் கொடுக்கலாம். சாக்கடைக் கரையில் வாரும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் மாடிக்கு ஏற்றுவதே இல்லை. மீன் அதைத் தின்று கொழுப்பது உண்மைதான். எந்தச் சாக்கடை என்பது தெரியாத வரை எனக்கு வேண்டாம்.

ஆனால் முட்டைக்கு மீனைத் தயார் செய்ய கொசுப்புழுவை அடிக்க ஒன்றுமில்லை. சும்மா வாளியில் தண்ணீர் வைத்தாலே வரும், காசு செலவில்லை. இதை இனி யாருக்கும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வாளியில் வளரும் ஏடிஸ் கொசு அதிகம் பறக்காது. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் காலம் முடியும். அதாவது என் வாளிக் கொசு என் பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும். வாளியை வடிகட்டிவிட்டேன் என்பதும் சமாதானம் ஆகாது. முட்டைகளைத் தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. சட்டமும் சேர்ந்துகொண்டது. 2023-இன் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், கொசுப்புழு வளரவிட்டதற்காக இரிஞ்ஞாலக்குடா நீதிமன்றம் 2024-இல் ஒருவருக்கு 2000 ரூபாய் அபராதம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வீடுகளுக்கு 'டிரை டே', தேங்கிய தண்ணீரைக் கொட்டும் நாள். பள்ளிக்கு வெள்ளி, அலுவலகத்துக்குச் சனி, வீட்டுக்கு ஞாயிறு என்று சுகாதாரத் துறை வகுத்த முறை. அப்படி ஒரு சமயம் வந்த ஆஷா ஊழியருக்கு, மொட்டை மாடிக்கு ஏறி என் தொட்டிகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சேட்டா, இது கூத்தாடியல்லே?"

"அல்ல சேச்சி, மொய்னா. மீனினுள்ள தீற்றயா."

கூத்தாடி என்றால் இங்கே கொசுப்புழு. என் பதிலை நம்பவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். வித்தியாசம் எளிது. கொசுப்புழு நிழல் பட்டதும் நெளிந்துகொண்டு கீழே இறங்கும், மூச்சுக்குத் திரும்ப மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். மொய்னா மேலே வந்து மூச்சு வாங்குவதில்லை. நடுத்தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் துள்ளும். அத்தனை தொட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மொய்னாத் தொட்டிக்கும் கொசுவலை போட்டுக் கட்டச் சொன்னார். நியாயமான பேச்சு, அன்றே கட்டினேன். இறங்கும்போது, "மீனினு கொறச்சு சோறு இட்டுக் கொடுத்தால் போரே?" என்றார். எங்கள் வீட்டில் பல காலமாகக் கேட்கப்படும் கேள்வி அது.

கொசு என்றதும் குப்பி மீன் நினைவுக்கு வரும். ஜான்பால் ஜார்ஜ் இயக்கிய 'குப்பி' என்ற மலையாளப் படம் 2016-இல் வந்தது. கொசு ஒழிக்கக் குப்பி மீன் வளர்த்து விற்கும் பையன், நடக்க முடியாத அம்மாவுக்கு நல்ல சக்கர நாற்காலி வாங்கக் காசு சேர்ப்பான். அம்மாவாக ரோகிணி. நல்ல படம். குப்பியும் நல்ல மீன்தான். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதைவிடச் சுலபம் இல்லை. முட்டை கிடையாது, நேராகக் குட்டி. பிறக்கும்போதே அரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், பொடித்த தீனியைக்கூட எடுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை குட்டி போடும். ஒரே சிக்கல், குப்பி கடினத் தண்ணீர்க்காரி. எங்கள் கரமனையாற்றுத் தண்ணீரில் சில தலைமுறையில் சோர்ந்துவிடும். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கக்கா (சிப்பி) ஓடு போட்டு வையுங்கள்.

தொட்டிக்குள் குப்பி இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாய்க்காலில் விடுவதில்தான். கொசுவுக்காக 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் தென்னமெரிக்க அரபைமா பிடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கொசு தின்ன நமக்கென்றே ஒரு மீன் இருக்கிறது. மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். எப்போதும் மேல்மட்டத்திலேயே, மானம் பார்த்தபடி நிற்கும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். வயலில், வாய்க்காலில், வெள்ளாயணிக் காயல் ஓரத்தில் எல்லாம் இருக்கிற மீன் என்பதால் கடைக்காரர்கள் மதிப்பதில்லை. முட்டையிடும் மீன்களைப் பழகுபவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் முட்டையை ஒவ்வொன்றாக அதில் ஒட்டும். விரலால் எடுக்கலாம், உடையாது. இரண்டு வாரத்தில் பொரியும். குஞ்சு பெரியது, வந்த அன்றே ஆர்ட்டீமியாவோ குட்டி மொய்னாவோ தின்னும். இன்ஃபுசோரியா நாற்றம் இல்லை. தொட்டிக்கு மூடி மட்டும் வேண்டும். குதித்து வெளியே விழுந்து சாவதில் இந்த மீனுக்குத் தனித் திறமை.

என் மாடியில் இப்போது ராஜ்யம் பண்ணுவது வேறொன்று. பம்பையாற்றிலிருந்து 1941-இல் ஹோராவும் கே. கே. நாயரும் உலகுக்குச் சொன்ன குட்டிப் பேத்தை மீன். பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது: கரினோடெட்ராவோடான் டிராவன்கோரிகஸ். கடையில் பட்டாணி பஃபர். முழு வளர்ச்சியே மூன்று சென்டிமீட்டர் சொச்சம். உலகத்தின் மிகச் சிறிய பேத்தைகளில் ஒன்று, கேரளத்திலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் தவிர வேறெங்கும் இல்லை. பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம் என்று பன்னாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆற்றில் பிடித்து விற்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கடைக்கு வரும்போதே பல மீன்கள் வயிறு ஒட்டி இருக்கும்.

ஏன் ஒட்டி இருக்கும்? டப்பாத் தீனியை அது தொடாது. கடைக்காரர் தூவிக்கொண்டே இருப்பார், அது பார்த்துக்கொண்டே இருக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியே திரும்பும். நத்தையைக் கண்டால் நின்று, ஒரு கண்ணால் அளந்து, இன்னொரு கண்ணால் உறுதி செய்து, பிறகுதான் கடிக்கும். நாலு பல் சேர்ந்து அலகு போல இருக்கும். செடியோடு வந்து தொல்லை கொடுக்கும் குட்டி நத்தைகள் எல்லாம் இதற்குப் பலகாரம். மற்ற நாளில் மொய்னா. இந்த மீனை வாங்குகிறவர் உயிர்த் தீனிக்கு வழி செய்யவில்லை என்றால் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வைக்க வேண்டும். ஆணுக்கு வயிற்றின் நடுவே கறுத்த கோடு, கண்ணுக்குப் பின்னால் மினுங்கும் சுருக்கம். பெண் உருண்டை. இரண்டு ஆண் சின்னத் தொட்டியில் இருந்தால் வால் மிஞ்சாது. நன்றாகத் தின்ற பெண்ணை ஆண் விடாமல் துரத்திக்கொண்டு மாஸுக்குள் போகும். முட்டை ஒரு தடவைக்கு ஒருசில மட்டுமே, கண்ணாடி போல, மாஸின் இடுக்கில். பெற்றவையே தின்றுவிடும் என்பதால் மாஸை அப்படியே வேறு டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். ஐந்தாறு நாளில் பொரியும். பொரிந்தது மீன் மாதிரியே இருக்காது, தலைபெருத்த ஒரு புள்ளி. அங்கிருந்து இந்தப் பதிவின் மேலே சொன்ன அத்தனையும் வரிசையாக வேண்டும். முதலில் இன்ஃபுசோரியா, பிறகு ஆர்ட்டீமியா, பிறகு சலித்த குட்டி மொய்னா, பிறகு பெரிய மொய்னா, கடைசியில் நத்தைக் குஞ்சு. ஒரு கண்ணி அறுந்தாலும் அவ்வளவுதான். அளவில் முந்தியதைப் பிரித்து வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் தம்பியின் வாலைக் கடிக்கும்.

இப்படி மாடியில் பத்துக் குஞ்சு வளர்த்துவிட்டு "இனத்தைக் காப்பாற்றுகிறேன்" என்று சிலர் பேசுவது எனக்கு ஒத்துவராது. மணல் வாரிய பம்பைக்கு என் பிளாஸ்டிக் டப்பா ஈடாகாது. வளர்த்ததை ஆற்றில் விடுவதும் உதவி இல்லை, நோயைக் கொண்டுபோய் விடுவதாகவும் ஆகலாம். கடையில் ஆற்று மீன் வாங்குகிற ஒரு ஆள் குறைந்தால் அந்த அளவுக்கு லாபம்.

மொய்னா வேண்டும் என்று கேட்டிருப்பவர்களுக்கு: விதைத் தொட்டி இப்போது நன்றாக இருக்கிறது, தருகிறேன். வரும்போது ஒரு லிட்டர் பாட்டிலும் மெல்லிய துணி வடிகட்டியும் கொண்டுவாருங்கள். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பக் கூடாது, மேலே காற்று வேண்டும். காலை பஸ்ஸில் வந்து காலையிலேயே திரும்புங்கள். உச்சி வெயிலில் ஜன்னலோர சீட்டில் பாட்டிலை வைத்தால் நெய்யாற்றின்கரை போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும். வீட்டில் தொட்டித் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வெயிலில் வைத்திருக்க வேண்டும். பிண்ணாக்கு வாங்காமல் வந்தால் அதுவும் சாலையில் கிடைக்கும், கடையைக் காட்டுகிறேன்.